சங்கக் கணினிகளில் ‘கூறு பதிவு செய்யப்படவில்லை’ என்ற பிழை: பழைய பற்றுச்சீட்டு மென்பொருளும் புதிய கணினிகளும்

சுன்னாகம் எழுதுவினைஞர் (திங்கள், காலை 9.40)

அனைவருக்கும் வணக்கம். சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரிகிறேன். அங்கத்தவர்களின் வைப்புக்கும் கடன் அறவீட்டுக்கும் பற்றுச்சீட்டு வழங்குவதற்கு, விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல் மொழியில் எழுதப்பட்ட ஒரு மென்பொருளை நீண்ட காலமாகப் பாவித்து வருகிறோம். அதை எழுதித் தந்தவர் இப்போது நாட்டில் இல்லை. விண்டோஸ் 7 இல் எந்தக் குறையுமின்றி இயங்கிய அந்த மென்பொருளை, சென்ற கிழமை வாங்கிய ஐந்து விண்டோஸ் 11 கணினிகளுக்கு, அதன் கோப்புறையை அப்படியே பிரதி செய்து மாற்றினோம். அன்று தொடங்கிய தொல்லை இன்னும் முடியவில்லை.

மென்பொருளைத் திறந்தவுடன் 339 என்ற இயக்க நேரப் பிழை தோன்றி, எம்எஸ்கொம்சிரிஎல்.ஓசிஎக்ஸ் என்ற கூறு சரியாகப் பதிவு செய்யப்படவில்லை அல்லது கோப்பைக் காணவில்லை என்று சொல்கிறது. இணையத்தில் தேடி அந்தக் கோப்பைத் தரவிறக்கி, சிஸ்டம்32 கோப்புறையில் இட்டு, ரெக்எஸ்விஆர்32 கட்டளையால் பதிவு செய்ய முயன்றேன். முதலாம் கணினியில் ‘தொகுதியை ஏற்ற முடியவில்லை’ என்று வந்தது. காசாளரின் கணினியில் அதே கோப்பைக் கொண்டு வேறு விதமாக முயன்றபோது 8002801சி என்று முடியும் ஓர் எண் வந்தது. மூன்றாம் கணினியில் பதிவு வெற்றி என்று சொன்ன பின்பும் பற்றுச்சீட்டு அச்சிடும் கட்டத்தில் 429 என்ற பிழை (தேவையான கூறினை உருவாக்க முடியவில்லை என்பது) வருகிறது. ஒரே மென்பொருளுக்கு, ஒரே நாளில் வாங்கிய கணினிகளில் இத்தனை விதமான பதில்கள் வருவது ஏன்? மாத இறுதியில் கடன் அறவீடு தொடங்குவதற்கு முன்னர் இதைச் சரி செய்தாக வேண்டும்.

சாவகச்சேரி கணினி உதவியாளர் (திங்கள், காலை 10.15)

வணக்கம் அக்கா. எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருமுறை வந்தது. பயனர் கணக்குக் கட்டுப்பாட்டை (முக்கிய மாற்றங்களுக்கு முன்னர் அனுமதி கேட்கும் விண்டோஸ் பாதுகாப்பை) முற்றாக நிறுத்தி, வைரஸ் தடுப்பு மென்பொருளையும் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம், வேலை செய்தது. பிறகு சிஸ்டம் கோப்புச் சரிபார்ப்பான எஸ்எப்சி கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள்.

கொக்குவில் திருத்துநர் (திங்கள், காலை 11.05)

தம்பி சொன்ன வழியைக் கடைப்பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், தங்கச்சி. அங்கத்தவர்களின் பணக்கணக்கு இருக்கும் கணினி அது. ரெக்எஸ்விஆர்32 என்பது விண்டோஸுடன் வரும், மைக்ரோசொப்டின் கையொப்பமிட்ட நிரல் என்பதால், தீய நிரல்களைச் சத்தமின்றி ஏற்றுவதற்கு இணையத் திருடர்கள் அதையே பயன்படுத்துவது பல ஆண்டுகளாக அறியப்பட்ட ஒன்று. அதனால்தான் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அந்தக் கட்டளையைக் கண்டவுடன் எச்சரிக்கின்றன. இணையத்தில் எவரோ ஏற்றிவைத்த ஒரு கோப்பைத் தரவிறக்கி, பாதுகாப்பை நிறுத்திவிட்டு, நிர்வாகியின் அதிகாரத்தோடு அதை ஏற்றுவது மிகவும் ஆபத்தானது. அந்தத் தரவிறக்கிய கோப்பை ஐந்து கணினிகளிலும் அழித்துவிடுங்கள்.

எஸ்எப்சி பற்றியும் ஒரு வார்த்தை. அது விண்டோஸுக்குச் சொந்தமான கோப்புகளை மட்டுமே சரிபார்த்து மீட்கும். விஷுவல் பேசிக் 6 இன் அடிப்படை இயக்கக் கோப்பான எம்எஸ்விபிவிஎம்60 விண்டோஸுடன் வருகிறது. ஆனால் எம்எஸ்கொம்சிரிஎல் விண்டோஸின் பகுதி அன்று. மென்பொருளை எழுதியவர்தான் அதைத் தமது நிறுவற் பொதியில் சேர்த்துத் தந்திருக்க வேண்டும். எனவே எஸ்எப்சியை எத்தனை முறை ஓட்டினாலும் அந்தக் கோப்பு திரும்பி வராது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது ஒரு பிழையின் மூன்று முகங்கள் அல்ல. அவை மூன்று வேறு பிழைகள். பதிவு என்பது என்ன என்று விளங்கினால் இது தெளிவாகும். காணிப் பதிவகத்தில் ஓர் உறுதியைப் பதிவதால் காணி அங்கே போவதில்லை. எந்தக் காணி எங்கே இருக்கிறது, யாருக்குரியது என்ற விபரம் மட்டுமே அங்கே எழுதப்படுகிறது. டிஎல்எல் அல்லது ஓசிஎக்ஸ் கோப்பின் (வேறு நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பின்) பதிவும் அத்தகையதே. ரெக்எஸ்விஆர்32 அந்தக் கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அதனுள் இருக்கும் டிஎல்எல்ரெஜிஸ்டர்சேர்வர் என்ற செயற்பாட்டை அழைக்கிறது. அந்தச் செயற்பாடுதான் ‘எனது அடையாள எண் இது, நான் இருக்கும் முழுப் பாதை இது’ என்று விண்டோஸ் பதிவேட்டில் (விண்டோஸ் தனது அமைப்பு விபரங்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தில்) எழுதுகிறது. ஆகவே இந்த வேலை மூன்று படிகளில் நடக்கிறது: கோப்பை ஏற்றுதல், செயற்பாட்டைக் கண்டுபிடித்தல், பதிவேட்டில் எழுதுதல். எந்தப் படியில் தடங்கியது என்பதைத் திரையில் வரும் வாசகமே சொல்லிவிடுகிறது. ‘ஏற்ற முடியவில்லை’ என்றால் முதலாம் படி. ‘ஏற்றப்பட்டது, ஆனால் நுழைவுப் புள்ளியைக் காணவில்லை’ என்றால் இரண்டாம் படி. ‘ஏற்றப்பட்டது, ஆனால் அழைப்புத் தோல்வியடைந்தது’ என்று ஓர் எண்ணுடன் வந்தால் மூன்றாம் படி.

காசாளரின் கணினியில் வந்த 8002801சி மூன்றாம் படிக்குரியது. பதிவேட்டில் எழுத அனுமதி கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். 80070005 என்று வந்திருந்தாலும் பொருள் ஏறத்தாழ அதுவே. நிர்வாகிக் கணக்கில் நுழைந்திருப்பது மட்டும் போதாது. கட்டளைச் சாளரத்தின் மீது வலது சொடுக்கி, ‘நிர்வாகியாக இயக்கு’ என்பதைத் தெரிந்து திறந்தால்தான் அந்த அனுமதி அந்தச் சாளரத்துக்குக் கிடைக்கும். பயனர் கணக்குக் கட்டுப்பாட்டை நிறுத்த எந்தத் தேவையும் இல்லை.

சாவகச்சேரி கணினி உதவியாளர் (திங்கள், நண்பகல் 12.20)

நன்றி ஐயா. நாங்கள் நிறுத்திவைத்த பாதுகாப்பை மீண்டும் இயக்கிவிட்டேன். இதை எனக்கு எவரும் இதற்கு முன்னர் சொன்னதில்லை.

சுன்னாகம் எழுதுவினைஞர் (திங்கள், பிற்பகல் 2.30)

மிக்க நன்றி அண்ணா. தரவிறக்கிய கோப்பை அழித்துவிட்டேன். பழைய இறுவட்டு ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. அதில் நிறுவற் பொதியும் ஓசிஎக்ஸ் கோப்புகளும் இருக்கின்றன. நிறுவற் பொதி விண்டோஸ் 11 இல் இடையில் நின்றுவிடுவதால், கோப்பை மட்டும் எடுத்து முதலாம் கணினியின் சிஸ்டம்32 இல் இட்டு, நீங்கள் சொன்னபடி நிர்வாகியாகத் திறந்த சாளரத்தில் பதிவு செய்தேன். அப்போதும் ‘ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட தொகுதியைக் காணவில்லை’ என்றே வருகிறது. கோப்பு அந்தக் கோப்புறையில் இருப்பதை என் கண்ணால் பார்க்கிறேன். கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் காணவில்லை என்று கணினி எப்படிச் சொல்கிறது?

நல்லூர் நிரலாளர் (திங்கள், பிற்பகல் 4.10)

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நானும் ஒரு முழு நாளை இதில் இழந்திருக்கிறேன்.

நிரல்களும் விண்டோஸும், ஒரே தடவையில் கையாளும் தரவின் அளவைப் பொறுத்து, 32 பிற், 64 பிற் என்று இரு வகைப்படும். விண்டோஸ் 11 இல் 32 பிற் பதிப்பு என்று ஒன்று இல்லை. உங்கள் ஐந்து கணினிகளும் 64 பிற் கணினிகள். அத்தகைய விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் இருப்பவை 64 பிற் கோப்புகள். 32 பிற் கோப்புகளுக்கு உரிய இடம் சிஸ்வவ்64. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் குழம்பாதவர்கள் அரிது. பழைய நிரல்கள் ‘சிஸ்டம்32’ என்ற பெயரைத் தமக்குள்ளே எழுதிவைத்திருந்ததால், அந்தப் பெயரை மாற்றாமல் 64 பிற்றுக்குக் கொண்டு போனார்கள். 32 பிற் நிரல் ஒன்று சிஸ்டம்32 ஐக் கேட்டால், விண்டோஸ் அதைச் சத்தமின்றி சிஸ்வவ்64 க்குத் திருப்பிவிடும்.

இப்போது உங்கள் கணினியில் நடந்ததைப் பாருங்கள். கோப்புலாவி 64 பிற் நிரல் என்பதால் நீங்கள் பிரதி செய்த கோப்பு உண்மையான சிஸ்டம்32 க்குள் போய் இருந்தது. நீங்கள் ஓட்டிய ரெக்எஸ்விஆர்32 உம் 64 பிற் பதிப்பே. கோப்பு 32 பிற் என்று கண்டவுடன் அது தனது 32 பிற் பதிப்பை அழைத்து வேலையை ஒப்படைத்தது. அந்த 32 பிற் பதிப்போ, சிஸ்டம்32 இல் தேடப் போய், சிஸ்வவ்64 க்குத் திருப்பிவிடப்பட்டு, அங்கே கோப்பு இல்லாததால் ‘காணவில்லை’ என்று சொன்னது. அது நீங்கள் பார்க்கும் இடத்தில் பார்க்கவில்லை, அவ்வளவே.

கோப்பை சிஸ்டம்32 இலிருந்து நீக்கி சிஸ்வவ்64 க்கு மாற்றுங்கள். நிர்வாகியாகத் திறந்த சாளரத்தில், சிஸ்வவ்64 கோப்புறைக்குள் இருக்கும் ரெக்எஸ்விஆர்32 ஐ முழுப் பாதையுடன் எழுதி, அதன் பின்னர் ஓசிஎக்ஸ் கோப்பின் முழுப் பாதையையும் எழுதி ஓட்டுங்கள். கோப்பின் இயல்புகளில் மைக்ரோசொப்டின் கையொப்பம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கூறில் இருந்த பாதுகாப்புக் குறைபாடு ஒன்றுக்கு 2012 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. உங்கள் இறுவட்டில் இருப்பது அதற்கு முந்தியதாக இருக்கக்கூடும் என்பதால், மைக்ரோசொப்டின் திருத்தப் பொதியில் உள்ள பதிப்பை இடுவது நல்லது.

பருத்தித்துறை கணக்காளர் (செவ்வாய், காலை 8.50)

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள வேண்டும். எனது சிக்கலும் இதனோடு தொடர்புடையது என்று நினைக்கிறேன். சம்பளப் பட்டியலும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் தயாரிக்க எக்செலில் ஒரு பணித்தாள் வைத்திருக்கிறோம். அது ஒரு டிஎல்எல் கோப்பை அழைக்கிறது. புதிய கணினியில் அதைப் பதிவு செய்ய முயன்றால் ‘ஏற்றப்பட்டது, ஆனால் டிஎல்எல்ரெஜிஸ்டர்சேர்வர் என்ற நுழைவுப் புள்ளியைக் காணவில்லை’ என்று வருகிறது. கொக்குவில் ஐயா சொன்ன இரண்டாம் படி இதுதானே? இதற்கு என்ன வழி?

நல்லூர் நிரலாளர் (செவ்வாய், காலை 9.35)

ஆம், அதுவேதான். கோப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது தன்னைத் தானே பதிவு செய்யத் தெரியாத வகைக் கோப்பு. உங்கள் டிஎல்எல் டொட்நெட்டில் (மைக்ரோசொப்டின் ஒரு நிரலாக்கத் தளத்தில்) எழுதப்பட்டது என்றால், அதற்கு ரெக்எஸ்விஆர்32 உதவாது. ரெக்அஸ்ம் என்ற வேறொரு கருவி வேண்டும். அது விண்டோஸ் கோப்புறைக்குள் மைக்ரோசொப்ட்.நெட் என்பதன் கீழ் இருக்கிறது. ஃபிரேம்வேர்க் என்ற கோப்புறையில் 32 பிற் பதிப்பும், ஃபிரேம்வேர்க்64 என்பதில் 64 பிற் பதிப்பும் உண்டு. உங்கள் எக்செல் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். ஒபிஸ் 2019 முதல் 64 பிற் பதிப்பே இயல்பாக நிறுவப்படுகிறது என்பதால், பழைய கணினியில் 32 பிற்றாக இருந்த எக்செல் புதியதில் 64 பிற்றாக மாறியிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஃபிரேம்வேர்க்64 இல் உள்ள ரெக்அஸ்மைக் கொண்டு, கோட்பேஸ் என்ற தெரிவுடன் பதிவு செய்யுங்கள். அந்தத் தெரிவைச் சேர்க்காவிட்டால் கோப்பு இருக்கும் பாதை பதிவேட்டில் எழுதப்படாது. பதிவு வெற்றி என்று சொன்னாலும் எக்செலினால் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். 32 பிற்றுக்கென்றே ஆக்கப்பட்ட டிஎல்எல் ஒன்றை 64 பிற் எக்செலுக்குள் ஏற்ற எந்தப் பதிவுக் கட்டளையாலும் முடியாது. அவ்வாறாயின் 32 பிற் ஒபிஸை நிறுவுவதா, டிஎல்எல்லை மீண்டும் தொகுப்பதா என்பதை உங்கள் முகாமையாளரே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

பருத்தித்துறை கணக்காளர் (செவ்வாய், காலை 11.20)

64 பிற் எக்செல்தான். நீங்கள் சொன்னபடி செய்தேன். பணித்தாள் திறந்து கணக்கும் சரியாக வருகிறது. இதற்காக மூன்று நாட்கள் பட்டியலைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தோம். உளமார்ந்த நன்றி.

சுன்னாகம் எழுதுவினைஞர் (செவ்வாய், பிற்பகல் 1.15)

முதலாம், இரண்டாம் கணினிகளில் 339 முற்றாக நீங்கிவிட்டது. மூன்றாம், நான்காம் கணினிகளிலும் மென்பொருள் திறக்கிறது. ஆனால் பற்றுச்சீட்டு அச்சிடும் பொத்தானை அழுத்தினால் நான்கிலும் 429 வருகிறது. 2012 அளவில் புதிய அச்சுப்பொறி வாங்கியபோது அதற்கென்று ஒரு தனி டிஎல்எல் எழுதிச் சேர்த்தார்கள். அந்தக் கோப்பு வழங்கிக் கணினியின் பகிர்ந்த கோப்புறையில், எங்களுக்கு இசட் என்று காட்டும் இயக்ககத்தில் இருக்கிறது. நிர்வாகிச் சாளரத்தில் அதைப் பதிவு செய்யப் போனால் மீண்டும் ‘தொகுதியைக் காணவில்லை’. இது 32 பிற் கோப்புத்தான்; சிஸ்டம்32 இலும் இல்லை. இதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

கொக்குவில் திருத்துநர் (செவ்வாய், பிற்பகல் 3.00)

காரணம் அந்த இசட் இயக்ககந்தான், தங்கச்சி. நீங்கள் நாளாந்தம் பாவிக்கும் கணக்கில் இசட் இணைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகியாகத் திறந்த சாளரமோ, அதே ஆள் திறந்தாலும், வேறு ஓர் அனுமதிச் சீட்டுடன் இயங்குகிறது. அந்தச் சீட்டில் இசட் என்ற இணைப்பு இல்லை. அந்தச் சாளரத்திலேயே இசட் என்று தட்டிப் பாருங்கள்; அப்படி ஒரு இயக்ககம் இல்லை என்று சொல்லும்.

கோப்பை ஒவ்வொரு கணினியின் சி இயக்ககத்திலும் மென்பொருளின் கோப்புறைக்குள் பிரதி செய்து, அங்கிருந்து பதிவு செய்யுங்கள். வலையமைப்புப் பாதையிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ ஒருபோதும் பதிவு செய்ய வேண்டாம். முன்னர் சொன்ன காணி உறுதியை நினைத்துப் பாருங்கள். பதிவேட்டில் எழுதப்படுவது அந்த நேரத்தில் கோப்பு இருந்த முழுப் பாதை. பென்டிரைவில் இருந்தபடி பதிவு செய்தால் அது செருகப்பட்டிருக்கும் வரை எல்லாம் நன்றாக நடக்கும்; கழற்றியவுடன் 429 வரும். இதனால் ஒரு கணினியை மூன்று முறை என்னிடம் கொண்டுவந்த ஓர் அலுவலகமும் உண்டு. என் கடையில் அவர்கள் பென்டிரைவைச் செருகித்தான் காட்டினார்கள், அதனால் பிழை ஒருபோதும் வரவில்லை.

சுன்னாகம் எழுதுவினைஞர் (செவ்வாய், பிற்பகல் 4.25)

அண்ணா, சி இயக்ககத்துக்குப் பிரதி செய்து பதிவு செய்தேன். கோப்பு இருக்கிறது, பாதை சரி, சாளரமும் நிர்வாகியுடையது, சிஸ்வவ்64 இன் ரெக்எஸ்விஆர்32 ஐத்தான் பாவித்தேன். இன்னமும் ‘காணவில்லை’ என்றே சொல்கிறது. மனம் சோர்ந்துவிட்டது.

நல்லூர் நிரலாளர் (செவ்வாய், மாலை 6.40)

சோர்ந்துவிட வேண்டாம் அக்கா. இது கடைசிப் பூட்டு என்று நம்புகிறேன். அந்த வாசகத்தை முழுமையாக வாசித்தால், ‘அந்தக் கோப்பிலோ அது சார்ந்திருக்கும் டிஎல்எல் கோப்புகளிலோ’ சிக்கல் இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். காணாமற் போனது உங்கள் கோப்பு அன்று. உங்கள் கோப்புக்குத் தேவையான வேறொரு கோப்பு. விண்டோஸ் அதன் பெயரைச் சொல்லாமல் விடுவதுதான் இந்தப் பிழையின் கொடுமை. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவத் தொடங்குகிறார்கள்.

பெயரைக் கண்டுபிடிக்க, மைக்ரோசொப்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுதியில் உள்ள புரொசெஸ் மொனிட்டர் என்ற இலவசக் கருவியை இயக்குங்கள். செயல்முறையின் பெயர் ரெக்எஸ்விஆர்32 ஆகவும், முடிவு ‘பெயர் காணப்படவில்லை’ ஆகவும் இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டிவிட்டு, பதிவுக் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே டிஎல்எல்லின் பெயர் பல கோப்புறைகளில் அடுத்தடுத்துத் தேடப்பட்டு, எங்கும் கிடைக்காமல் முடிந்திருந்தால், உங்களுக்குத் தேவையான பெயர் அதுவே.

சுன்னாகம் எழுதுவினைஞர் (புதன், காலை 9.10)

கண்டுபிடித்துவிட்டேன். எம்எஸ்விசிஆர்100 என்ற கோப்பை ஏழெட்டு இடங்களில் தேடிவிட்டுக் கைவிட்டிருக்கிறது. இந்தக் கோப்பை மட்டும் பழைய கணினியிலிருந்து எடுத்து வைக்கலாமா?

நல்லூர் நிரலாளர் (புதன், காலை 9.30)

தனிக் கோப்பாக எடுத்து வைக்க வேண்டாம். அது விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 இன் இயக்கக் கோப்பு; மைக்ரோசொப்டின் மீள்விநியோகப் பொதியாக அதை நிறுவுங்கள். எக்ஸ்86 என்று குறிக்கப்பட்ட 32 பிற் பொதியையே தெரிய வேண்டும். கணினி 64 பிற்றாக இருந்தாலும், அச்சிடும் டிஎல்எல் 32 பிற் என்பதால், 64 பிற் பொதியை மட்டும் நிறுவினால் பயன் இல்லை. புதிய ஆண்டின் பொதியும் இதற்கு ஈடாகாது. 2010 க்கு 2010 தான் வேண்டும்.

கொக்குவில் திருத்துநர் (புதன், காலை 10.05)

அவர் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஐந்து கணினிகளுக்கும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக ஒரு தொகுதிக் கட்டளைக் கோப்பு எழுதினால், எஸ் என்ற சத்தமில்லாத் தெரிவைப் பாவித்தாலும், ஒவ்வொரு வரிக்கும் பின்னர் வெளியேற்ற எண்ணை (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் முடிவு எண்ணை) திரையில் எழுதச் செய்யுங்கள். 0 என்றால் வெற்றி. 3 என்றால் கோப்பை ஏற்ற முடியவில்லை. 4 என்றால் நுழைவுப் புள்ளி இல்லை. 5 என்றால் பதிவேட்டில் எழுதும் அழைப்புத் தோல்வி. எண்ணைப் பார்க்காமல் சத்தமில்லாத் தெரிவை மட்டும் பாவித்தால், தோல்வியும் வெற்றியும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

சுன்னாகம் எழுதுவினைஞர் (புதன், பிற்பகல் 3.45)

2010 இன் 32 பிற் பொதியை நிறுவினேன். முதல் நான்கு கணினிகளிலும் இரண்டு கோப்புகளுக்கும் 0 வந்தது; நான்கிலும் பற்றுச்சீட்டு அச்சாகிறது. ஐந்தாம் கணினியில் மட்டும் அச்சிடும் டிஎல்எல்லுக்கு 3 வந்தது. நேற்று வரை இருந்த நானாக இருந்தால் உங்களிடம் ஓடி வந்திருப்பேன். 3 என்றால் ஏற்ற முடியவில்லை, ஆகவே கோப்பு அல்லது அது சார்ந்த கோப்பு என்று யோசித்துப் பார்த்தபோது, அந்தக் கணினியில் அவசரத்தில் 64 பிற் பொதியை நிறுவியிருந்தது தெரிந்தது. சரியானதை நிறுவியவுடன் அதற்கும் 0 வந்துவிட்டது.

திருத்தப் பதிப்பு ஓசிஎக்ஸ், அச்சிடும் டிஎல்எல், 2010 பொதி, கட்டளைக் கோப்பு ஆகிய நான்கையும் ஓர் இறுவட்டில் எழுதி, எதை எந்த ஒழுங்கில் நிறுவ வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, பழைய இறுவட்டுடன் அதே அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். காசாளர் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து புதிய கணினியில் பற்றுச்சீட்டு வழங்குகிறார்.